வெதுவெதுப்பாக ஒரு மூட்டை

திருப்பூரில் நான் நான்கு நாள் வேலையற்றுப் போனதற்குக் காரணம் ஒரு நீலம். மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு விளையாட்டுச் சட்டைகள் தைக்கச் சொல்லியிருந்தோம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டில் சும்மாதானே இருக்கிறார், நேரில் போய் எண்ணிப் பார்த்து வரட்டும் என்று பழைய மாணவர்கள் என்னை அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் சட்டையின் உடம்பு ஒரு நீலம், கை வேறொரு நீலம். கம்பெனிக்காரர் செல்லமுத்து இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, "மாத்தித் தர்றனுங்க வாத்தியாரே. சாயப்பட்டறைக்காரன் நாலு நாள் கேக்கறானுங்க," என்றார்.

நாலு நாளும் விடுதி அறையில் கிடந்தால் நான் சன்னல் கம்பிகளை எண்ணியே பைத்தியமாவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்க தோட்டத்துக்கு வந்துருங்க. அமராவதி நகருக்குப் பக்கம், மலையடிவாரம். குளுகுளுன்னு இருக்கும்," என்றார். எங்கள் நாட்டில் தோட்டம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பரும், எண்ணெய் எடுக்கிற செம்பனையும். இங்கே தோட்டம் என்றால் ஒரு கிணறு, ஒரு வீடு, ஐம்பது அறுபது தென்னை.

அவருடைய சரக்கு வண்டியில் புறப்பட்டோம். உடுமலை தாண்டியதும் டயர் போயிற்று. மாற்று டயரிலும் காற்றில்லை. எங்கள் ஊரில் ஒருவன் இந்நேரம் நாலு பேரைத் தொலைபேசியில் திட்டித் தீர்த்திருப்பான். செல்லமுத்து வேப்பமரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து "வருமுங்க" என்றார். எது வரும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எனக்கு ஒரு சொம்பு கொடுத்தார். மோர்மிளகாய் இரண்டு, வெங்காயம் பதினொரு துண்டு. வயிற்றை நினைத்துத் தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டேன். "பாம்பு செத்த கெணத்துலீங்க," என்றார், முகம் மாறாமல். செல்லமுத்துவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவருடைய தொலைபேசி அடித்தது. அவர் மனைவி ருக்குமணி. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். "கோழிக் கொட்டகையில ரெண்டு குட்டி கெடக்குதாமுங்க."

"பூனைக்குட்டியா?"

"இல்லீங்க." அதற்கு மேல் நிற்காமல் ஒரு லாரியை மறித்து ஏறிப் போய், மாற்று டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கொட்டகையில் கோழி வளர்த்தது பழைய கதை. இப்போது பனியன் வேஸ்ட் வைத்திருக்கிறார். சட்டைக்குத் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளைச் சாக்கில் அடைத்து அங்கே சேர்த்து, லாரி நிறையும் அளவு ஆனதும் சாமளாபுரத்தில் ஒரு குடோனுக்கு அனுப்புவார். அங்கே அதை நிறம் பிரித்து, மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். அன்று மத்தியானம் ஒரு லாரி ஏற்றிப் போயிருந்தது. மீதி மூட்டைகளை அடுக்குவதற்காகச் சுமைக்காரர்கள் மூலையில் கிடந்த உதிரித் துணியைத் தள்ளியபோது, அதன் அடியில் இரண்டு சிறுத்தைக் குட்டிகள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்கு வெளியே இருபதுக்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள். வனக்காப்பாளர் மெர்சி வாசலை மறித்து நின்றாள். முப்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கையில் ஒரு கம்புகூட இல்லை. வெளிநாட்டு வாத்தியார் என்று செல்லமுத்து சொன்னதால் என்னை மட்டும் வாசல்வரை விட்டாள்.

வெள்ளைத் துண்டுத்துணிக் குவியலில் ஒரு குழி. குழிக்குள் இரண்டு. பூனையளவுதான். கண்கள் திறந்திருந்தன, புகைபடிந்த நீலத்தில். குரல் எழுப்பவில்லை, சீறவில்லை, நகரவில்லை. என்னைப் பார்த்தன, அவ்வளவுதான். நாற்பது வருடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவன் நான். அப்படி எதுவுமே செய்யாமல் பார்க்கிற பிள்ளையைப் பார்த்ததில்லை.

"ஏன் கத்தவில்லை?"

"கத்தாது சார். ஆத்தா இல்லாத நேரம் மூச்சுக் காட்டாம கெடக்கணும்னு அதுகளுக்குத் தெரியும். கத்துச்சுன்னா நரியோ நாயோ வந்துரும்லா?" என்றாள் மெர்சி. முன்பு ஒரு மிருகக்காட்சிச் சாலையில் வேலை பார்த்தவளாம். சிங்கக்குட்டிகளும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இப்படித்தான். காட்டுல சிங்கம் குட்டி போட்டா ஒரு ஒன்றரை மாசம் புதருக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பா. அடிக்கடி எடம் மாத்துவா, ஒவ்வொண்ணா வாயில கவ்வி. பொறவு கூட்டத்துல கொண்டாந்து சேத்துருவா. அங்க சித்தி, பெரியம்மை எல்லார்ட்டயும் போய்ப் பால் குடிக்கலாம். புது ஆண்சிங்கம் வந்து கடிச்சுக் கொல்லாம இருந்தா, ரெண்டு வருசத்துல ஆளாயிரும். இவளுக்கு யாரு சார் இருக்கா? வேட்டைக்கும் இவதான் போணும், காவலுக்கும் இவதான்."

அங்கே இருந்த எல்லாரும் "அது" என்றார்கள். அவள் மட்டும் "இவ" என்றாள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் என்றாள். குட்டிகளைத் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டு, எல்லாரும் போய்விட வேண்டும். "அவ வந்து எடுத்துட்டுப் போயிட்டா இதுக காட்டுல வளரும். வரலைன்னா நாங்க எடுக்கணும். கையில வளந்த குட்டியத் திரும்பக் காட்டுல விட முடியாது சார். சாகுற வரைக்கும் கூண்டுதான்." கொட்டகைத் தூணில் ஒரு சிறு கேமராவைக் கட்டினாள். எதிரே எது அசைந்தாலும் அது தானே படம் எடுக்கும், சத்தமும் பதிவாகும்.

பொழுது இறங்குமுன் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். ருக்குமணி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். அடுப்படியில் ஒரு நாய் சுருண்டு கிடந்தது. வெளியே நாய்த்தட்டுகள் நான்கு இருந்ததை நான் கவனித்திருந்தேன். மற்ற மூன்றும் எங்கே என்றேன்.

"ஒரு மாசமா ஒண்ணொண்ணாக் காணமுங்கய்யா. ஊர் மேயப் போயிருக்கும்னு நெனச்சோம்," என்றார் ருக்குமணி. பிறகு என் இலையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றார்.

குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்கு வெளியே, வாழைகளுக்கு அப்பால். அதற்குப் பிறகு நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் இடியாப்பம் போன்ற சந்தவையும் தேங்காய்ப்பாலும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, மெர்சி படங்களைத் தன் தொலைபேசியில் ஏற்றிக் காட்டினாள். கறுப்பு வெள்ளைப் படங்கள். முதலில் காலியான வாசல். அடுத்ததில் அதே வாசலில் அவள், தாய்ச்சிறுத்தை. நடுவில் எதுவுமில்லை. நடந்து வந்ததாகவே தெரியவில்லை. இல்லாதிருந்தாள், பிறகு இருந்தாள். வாயில் ஒரு குட்டியோடு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதையும் எடுத்துப் போனாள்.

செல்லமுத்து கைதட்டினார். ருக்குமணி கேசரி கிண்டப் போனார். மெர்சி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கேமராவைக் கழற்ற எழுந்தாள். நான் மீதிப் படங்களையும் பார்க்க வேண்டும் என்றேன்.

"முடிஞ்சுதுங்களே! பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்களாட்டம் இருக்குது," என்றார் செல்லமுத்து.

"மூன்றாவது முறை ஏன் உள்ளே போனாள்?" என்றேன்.

படங்களில் அது தெளிவாக இருந்தது. இரண்டாவது குட்டியைக் கொண்டுபோன பிறகு அவள் திரும்பி வந்திருந்தாள். உள்ளே போய், வெறும் வாயோடு வெளியே வந்திருந்தாள். பிறகு மறுபடியும் உள்ளே. விடிகிற வரை அப்படித்தான்.

"சிலசமயம் சரிபாத்துக்கிடுவா சார்," என்றாள் மெர்சி. ஆனால் கேமராவைக் கழற்றவில்லை.

அன்று பகல் முழுவதும் எனக்கு நிம்மதியில்லை. கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். இரண்டு முந்திரியை எடுத்து ஓரமாக வைத்தேன். ருக்குமணி பிடிக்கவில்லையா என்று நாலு முறை கேட்டுவிட்டார். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர். மரங்களுக்குள் புலி நடமாடும் காலத்தில், அது நம்மைத் தேடினால் ஓடலாம், வேறு எதையோ தேடினால்தான் பயப்பட வேண்டும் என்பார். அது ஏன் என்று அவர் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலையில் படங்கள் அதைவிட மோசமாக இருந்தன. அவள் இருட்டியதுமே வந்துவிட்டிருந்தாள். மூட்டைகளில் நான்கைக் கிழித்திருந்தாள். துணியெல்லாம் வாசல்வரை இறைந்து கிடந்தது. பிறகு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள், படத்துக்குப் படம், அசையாமல். கொட்டகையைப் பார்த்து அல்ல. லாரி போன தடத்தைப் பார்த்து.

மெர்சி சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். அடிவயிற்றிலிருந்து வருகிற தணிந்த செருமல். ஒருமுறை. நிறுத்தி, இன்னொரு முறை. கூப்பிடுகிற குரல் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுப்படி நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். "கூண்டு வைங்க அம்மிணி. பொழுதோட ஆட்டுப்பட்டிக்கு வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னைக்கு நீங்க வைக்கலீன்னா நாங்களே வச்சுக்கறோம்," என்றார் ஒருவர்.

"கூண்டுல அவ விழுந்தா, எடுத்துட்டுப் போன ரெண்டையும் எங்க வச்சிருக்கான்னு நமக்குத் தெரியுமா? பட்டினியாக் கெடந்தே செத்துரும். ஒரு நாள் தாங்க," என்றாள் மெர்சி. அவர்கள் நாளை காலை வரை என்றார்கள்.

அவர்கள் போன பிறகு மெர்சி என்னைப் பார்த்தாள். "மூணு குட்டி சார்," என்றாள்.

மூட்டை ஏற்றிய சுமைக்காரர்களில் ஒருவன் சுனில், பீகார்க்காரன். செல்லமுத்து அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் இந்தியில் சொன்னதைச் செல்லமுத்து எனக்குத் தமிழில் சொன்னார்: "குட்டிகளைப் பார்ப்பதற்கு முன்னால், மூலையிலிருந்த வெள்ளைத் துணியை நான்தான் ஒரு சாக்கில் வாரி அடைத்தேன். தோளில் வைத்தபோது மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த துணி என்று நினைத்தேன்."

கொட்டகைக்குள் வெயில் ஏது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனே இரண்டு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த முகமாக இருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறான்.

செல்லமுத்து குடோனுக்குத் தொலைபேசி போட்டார். "குட்டியா? இருந்தா கத்தாதுங்களா?" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். "வெள்ளைன்னா நாங்க பிரிக்கறதே இல்லீங்க. நேரா மெஷின்ல கொட்டிருவோம். கொஞ்சம் ஓட்டியாச்சுங்க." செல்லமுத்து மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தியதில் தென்னையிலிருந்த கிளிகள் பறந்தன.

வண்டியில் முன்னால் மூன்று பேர், பின்னால் சுனில். பல்லடம் சாலையில் காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய லாரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. நான்கு தென்னை நீளம் இருக்கும் அந்த இறக்கை, முந்த வழியில்லை. இருபுறமும் காற்றாலைகள். காற்று நின்றுபோயிருந்தது, ஒன்றும் சுற்றவில்லை. மெர்சி ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் காற்றாலைகளை எண்ணத் தொடங்கி, முப்பத்தெட்டில் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் பாதியில் விட்ட எண்ணிக்கைகள் குறைவு.

குடோனில் கூரைவரை மூட்டை. பஞ்சுத்தூசி பனிபோல் மிதந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், முடியெல்லாம் வெள்ளை. லாரியில் ஏறியது நூற்றிருபது மூட்டை என்றான் சுனில். சுவரோரம் இருந்தது எண்பத்தேழு. மூன்று முறை எண்ணினேன். எண்பத்தேழுதான், முப்பத்து மூன்று குறைவு. சூப்பர்வைசர் மெஷினைப் பார்த்தார்; பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"எண்பத்தேழையும் அவிழ்ப்போம்," என்றேன்.

"இழுத்தா சரிஞ்சு நசுங்கிரும் சார்," என்றாள் மெர்சி. பெண்கள் பாட்டுக் கேட்கிற ஒலிபெருக்கி ஒன்று தூணில் தொங்கியது. "அந்தப் பாட்ட நிறுத்துங்க. ஃபேன் எல்லாத்தையும் நிறுத்துங்க. யாரும் இருமக்கூடாது," என்றாள். தன் தொலைபேசியை அதில் இணைத்து, இராத்திரி பதிவான குரலைப் போட்டாள்.

அடிவயிற்றுச் செருமல் தகரக் கூரையில் மோதி நான்கு பக்கமும் இறங்கியது. பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் இல்லை. மெர்சி மறுபடி போட்டாள். பதில் இல்லை.

"ஏனுங்க, இதைக் கேட்டு நெசமாலுமே எதாச்சும் இங்க வந்துராதுங்களா?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

மூன்றாவது முறை அந்தச் செருமல் ஓய்ந்தபோது, மெல்லிய கீச்சு ஒன்று கேட்டது. சுவரோரத்திலிருந்து அல்ல. நிறம் பிரிக்கும் பெண்கள் நடுவிலிருந்து. ஓர் அம்மாள் முதுகுக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்த மூட்டையிலிருந்து. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை, ஊர்ந்து விலகினார். "ரெண்டு நாளா அதுமேல சாஞ்சுதானுங்க சோறு உண்டேன்," என்றார். "முதுகுக்கு எதமா இருந்துச்சு." பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

மெர்சி சாக்கின் வாயை அவிழ்த்தாள். குட்டி உடல் முழுக்கப் பஞ்சு. வாயோரத்தில் நூல். அதைக் கவனமாக இழுத்தெடுத்து, கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். யாரையும் தொடவிடவில்லை. அது பிறந்து கிடந்த அதே வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு கூடையில் வைத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் கூடை அவள் மடியில் இருந்தது. இடையிடையே அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அதன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

"இன்னைக்கும் வருவாளா?" என்றேன்.

"ரெண்டு குட்டியத் தனியாப் போட்டுட்டு ரெண்டு ராத்திரி கொட்டகைக்கு வந்து நின்னுருக்கா. மூணாவது ராத்திரியும் வந்தா அந்த ரெண்டுக்கு ஆபத்து. வரலைன்னா இதுக்குக் கூண்டு." மெர்சி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எதுக்கு வேண்டிக்கிடணும்னே தெரியல சார்."

பொழுது சாயும் நேரத்தில் குட்டியை அந்தக் குழியில் வைத்துவிட்டு வந்தோம். யாரும் சாப்பிடவில்லை. ருக்குமணி தட்டுகளைக் கழுவாமலே அடுக்கினார்.

நான்காம் நாள் காலையில் ஐந்து பேரும் அந்தத் தொலைபேசியைச் சுற்றி நின்றோம். சுனிலும் வந்திருந்தான். முதல் படங்களில் யாருமில்லை. நள்ளிரவு தாண்டியும் யாருமில்லை. விடிவதற்குச் சற்று முன் அவள் வாசலில் இருந்தாள். உள்ளே போனாள். வெளியே வந்தாள், வெறும் வாயோடு. போய்விட்டாள்.

"மனுச வாடைங்களா?" என்றார் செல்லமுத்து. மெர்சி படங்களைத் தள்ளினாள். காலி வாசல். காலி வாசல். மறுபடி அவள். உள்ளே. அடுத்த படத்தில் அவள் கேமராவுக்கு நேரே வருகிறாள்; கண்கள் இரண்டு வெள்ளைத் துளைகள். வாயில் குட்டி. அதன் நான்கு கால்களும் தொங்குகின்றன.

"செத்துடுச்சா?" என்றேன்.

"இல்ல சார். ஆத்தா கவ்வுனா குட்டி உடம்பத் தளத்திரும். செத்ததத் தூக்க இவ்வளவு மெதுவா நடக்க மாட்டா," என்றாள் மெர்சி. சுனில் தன் இரு கைகளையும் முகத்தில் தேய்த்துக்கொண்டான்.

இந்த முறை யாரும் கேசரி கிண்டவில்லை. மூன்றாவது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா, மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இன்னும் ஒரு ராத்திரி பாத்துக்கலாமுங்க. திரும்ப வந்தா கூண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலையில், திருப்பூருக்குத் திரும்ப, செல்லமுத்து வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு ஒலிப்பானை அடித்தார். நான் மெர்சியின் பக்கத்தில் அமர்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்திருக்கிறது. வாசலில் இறைந்த துணித் துண்டுகள் அசையும்போதெல்லாம் கேமரா படம் எடுத்திருக்கிறது. காலி வாசல், ஒரு வெள்ளைத் துண்டு. காலி வாசல், துண்டு வேறு இடத்தில். லாரித் தடம். தடத்தில் யாருமில்லை.

"வெறும் படந்தானுங்களே வாத்தியாரே? போலாமுங்க," என்றார் செல்லமுத்து.

"இருங்கள், இன்னும் முடியவில்லை."

அறுபத்திரண்டு படங்கள். அறுபத்திரண்டிலும் அவள் வரவில்லை.